கல்லீரல் ரிப்போர்ட் தரும் பொய் நிம்மதி

ஆசிரியர் அவர்களுக்கு,

முழு உடல் பரிசோதனை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், மது அருந்துவோர் ஆண்டுக்கொருமுறை கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டால் போதும் என்ற தொனி இருந்தது. மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய நொதிகள் கல்லீரல் செல்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கசிபவை. செல்கள் பெருமளவு அழிந்துவிட்ட சிரோசிஸ் நிலையிலோ, கசிவதற்கே அதிகம் மிஞ்சாததால், இயல்பான அளவிலேயே அவை இருந்துவிடக்கூடும். ஆனால் தாளில் எந்த எண்ணும் தடித்த எழுத்தில் இல்லையென்றால், "எல்லாம் நார்மல்தானே சார்" என்று மனைவியின் காதில் விழும்படி கேட்டுவிட்டு, நிம்மதியாகக் கிளம்புபவர்கள் ஏராளம். இதற்கு நேர்மாறாக, ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதி சற்று உயர்ந்தாலே குடிகாரர் என்று முத்திரை குத்துவதும் அநியாயம். கொழுப்புக் கல்லீரலும், வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிடாயின் மாத்திரையும்கூட அதை உயர்த்தும்.

சாதாரண ரத்த அணுப் பரிசோதனையிலேயே அச்சாகியும் யாரும் பார்க்காத எண் ஒன்று உண்டு: சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. நெடுநாள் குடியில் இது 100-ஐத் தாண்டுவதுண்டு. பி12, ஃபோலிக் அமிலக் குறைபாட்டிலும் உயரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாதுதான். ஆயினும் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் குடியை நிறுத்தி வைக்கும் தந்திரம் இதனிடம் செல்லாது. உடலில் மது சேர்ந்தால் மட்டுமே உருவாகிச் சில வாரங்கள் ரத்தத்தில் தங்கும் ஃபாஸ்பாடிடைல் எத்தனாலை அளப்பது இன்னும் உறுதியான சோதனை.

இவை அனைத்தும் குடியையோ அதன் சேதத்தையோ அளப்பவையே அன்றி, அடிமைத்தனத்தை அளப்பவை அல்ல. அது மூளையில் நிகழும் மாற்றம். மதுவுக்குப் பழகிய நரம்பு மண்டலம், மது திடீரென நின்றதும் கட்டுப்பாடிழந்து, கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே மோசமான ரிப்போர்ட்டைக் கண்டு பயந்து, அன்றாடம் மிகுதியாகக் குடித்து வந்தவரை வீட்டில் அடைத்து வைத்து ஒரே நாளில் நிறுத்த முயல்வது கூடாது. மருத்துவர் மேற்பார்வையில், தயாமின் (வைட்டமின் பி1) ஊசியுடன் படிப்படியாகச் செய்ய வேண்டியது அது.

குடிப்பழக்கம் எந்த அளவுக்குப் பிரச்சினையாகியிருக்கிறது என்று அறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 கேள்விகள் கொண்ட 'ஆடிட்' வினாத்தாளுக்கு ரத்தமும் வேண்டாம், செலவும் இல்லை. பரிசோதனைத் தொகுப்புகளை விளம்பரப்படுத்தும் ஆய்வகங்கள் அதையும் ரிப்போர்ட்டுடன் இணைத்துத் தர முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர்,
தஞ்சாவூர்.