பிஸ்தா கலர் ரவிக்கை

கண்ணா,

நீ போன் பண்ணி இருபது நாள் ஆகிறது. வேலை இருக்கும், சரி. குறை சொல்ல எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாய்தானே?

நீ ஓயாமல் சொல்வாயே, டிரஸ் டிசைனர் பலென்சியாகா, அவர் கதையை அக்கா படித்துக் காட்டினாள். ஸ்பெயினில் கெதாரியா என்ற மீன்பிடிக்கிற ஊர், 1895-ல் பிறந்தவர், அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டாராம், அம்மா தையல் வேலைதானாம். நம் வீட்டுக் கதைதான், போ. ஸ்பெயினில் நடத்திய கடைகளுக்கு அம்மாவின் குடும்பப் பெயர் எய்சாகிர்ரேயைச் சுருக்கி 'எய்சா' என்று வைத்தாராம். உன்னை அப்படியெல்லாம் வைக்கச் சொல்லவில்லை, வாரம் ஒரு போன் போதும்.

உள்நாட்டுப் போர் வந்து அந்தக் கடைகளை மூடவேண்டியதாகி, 1937-ல் பாரிசில் அவர் புதிதாகக் கடை போட்டபோது வயது 42. உனக்கு 26தான். ஒரு இடம் சரிவரவில்லை என்றால் இன்னொரு இடம். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லவரவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். 1957-ல் இடுப்பே இல்லாமல் சாக்கு மாதிரி உடை போட்டபோது அவரையும் கேலி செய்திருக்கிறார்கள். 1968-ல் அவரே கடையை மூடிவிட்டார், அது வேறு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

கை சரியாக உட்காரவில்லை என்றால் தைத்து முடித்ததையும் பிரித்துவிடுவாராம். அக்கா அதைப் படித்ததும் நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

டாக்டரம்மாவின் பிஸ்தா கலர் ரவிக்கை ஞாபகம் இருக்கிறதா? கைக்குழியில் சுருக்கம் விழுந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் படுத்துவிட்டேன். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை நீ, ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துத் தைத்து வைத்திருந்தாய். காலையில் போட்டுப் பார்த்து, இப்படி எனக்கு யாரும் கை வைத்ததில்லை என்றார்கள். நீ வாசலில் நின்றாய். நான் சிரித்துக்கொண்டே காசை வாங்கிக்கொண்டேன். அப்புறம், ஆம்பளைப் பிள்ளைக்கு மிஷினில் என்ன வேலை என்று உன்னைத்தான் திட்டினேன். அது நீ தைத்தது என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம்கூட அவர்கள் அந்தப் பேச்சை எடுத்தார்கள், நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை லைனிங் துணி கொடுக்க வருகிறார்கள். சொல்லிவிடுகிறேன்.

அம்மா