கடைக்காரர் சொல்லாததும் கம்பளம் சொல்வதும்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நீ வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல கம்பளம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "நூற்றைம்பது வருஷத்துக் கோம் பட்டு" என்று கடைக்காரர் சொன்னாரே, அதை மட்டும் நம்பாதே. இரானின் கோம் நகரில் கம்பள நெசவு தொழிலாகக் காலூன்றியதே 1930களில்தான், அதுவும் காஷான் வியாபாரிகள் அங்கே தறி போட்ட பிறகு. நிஜமாகவே பழைய பட்டு வேண்டுமென்றால் காஷான், தப்ரீஸ், ஹெரிஸ் என்றுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். துபாய் தேராவில் கம்பளக் கடையில் அப்பா குப்பை கொட்டிய காலத்தில் கற்றுக்கொண்டது இது.

மாப்பிள்ளை கேட்டாராமே, இந்தப் பூவுக்கும் மரத்துக்கும் என்ன அர்த்தம் என்று. மயிலுக்கு இது, மாதுளைக்கு அது என்று கடைகளில் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். பாதி வியாபாரப் பேச்சு. அதை விட்டுவிட்டு, முழுக் கம்பளத்தையும் ஒரு தோட்டமாகப் பார்க்கச் சொல். இரானின் நடுப்பகுதி வறண்ட பூமி. மலையடிவாரத்திலிருந்து கனாத் என்கிற சுரங்கக் கால்வாய் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். சுற்றி மதில் எழுப்பி, குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால் விட்டு, நாலு பாத்தியாகப் பிரித்தால் அது சஹார் பாக் தோட்டம். கம்பளத்தின் கரையை மதிலாகவும், நடுவில் பதக்கம் மாதிரி இருக்கிற பெரிய உருவை, அதாவது நடுப்பதக்கத்தைக் குளமாகவும் எடுத்துக்கொள். தோட்டக் கம்பளம் என்றே ஒரு வகை உண்டு. அதில் வாய்க்காலும் தெரியும், வாய்க்காலில் மீனும் நீந்தும்.

இந்த ஆசை ரொம்பப் பழசு. இஸ்லாத்துக்கு முன் இரானை ஆண்ட சாசானிய அரசர்களின் தலைநகரான டெசிஃபோன் அரண்மனையில் 'குஸ்ராவின் வசந்தம்' என்று ஒரு பிரம்மாண்டமான விரிப்பு இருந்ததாம். பட்டும் பொன்னும் ரத்தினமுமாகத் தோட்டத்தையே இழைத்திருந்தார்களாம், குளிர்காலத்திலும் ராஜா வசந்தத்தில் உட்கார வேண்டுமே! 637 வாக்கில் அரபுப் படை ஊரைப் பிடித்ததும் அதைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் அல்-தபரி எழுதிவைத்திருக்கிறார். படிக்கிறபோது எனக்கு வயிறு எரிந்தது.

சைப்ரஸ் மரம் வந்தால், அது இலை உதிர்க்காத மரம், அழியாத உயிருக்கு அடையாளம் என்பார்கள். அது ஒத்துக்கொள்ளக்கூடியது. உன் கல்யாணப் புடவைக் கரையில் இருந்த மாங்காய் இங்கேயும் வரும், பெயர் புத்தே. அது காற்றில் வளைந்த சைப்ரஸா, தீச்சுடரா என்று இன்னும் வழக்கு தீரவில்லை. மேலே வளைவு, வளைவுக்கு நடுவில் தொங்கும் விளக்கு என்று இருந்தால் அது தொழுகை விரிப்பின் அமைப்பு. வளைவு, மசூதியில் தொழும் திசையைக் காட்டுகிற மிஹ்ராப் மாடத்தைக் குறிக்கும்.

வியன்னாவில் இருந்துகொண்டு கடை கடையாக ஏறி இறங்குவதைவிட, முதலில் அங்கேயே இருக்கிற மாக் என்கிற கலைப்பொருள் மியூசியத்தில் கேள். வேட்டைக் காட்சி நெய்த புகழ்பெற்ற 'வேட்டைக் கம்பளம்' அவர்களிடம்தான் இருக்கிறது. எந்நேரமும் விரித்துவைத்திருப்பார்களா தெரியாது, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போ. பதினாறாம் நூற்றாண்டு, இரானை ஆண்ட சஃபாவிகள் காலத்து நெசவு, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்திடம் இருந்தது. பட்டு முடிச்சுக்கு மேல் வெள்ளிச் சரிகையும் சேர்த்திருக்கிறார்கள். நான் புத்தகத்தில் பார்த்ததற்கே கண் எடுக்க முடியவில்லை. குதிரை வீரர்கள் சிங்கத்தையும் மானையும் துரத்துகிறார்கள், கரையில் சிறகு வைத்த தேவதைகள், நடுப்பதக்கத்தில் சீன டிராகனும் ஃபீனிக்ஸும். மங்கோலியர் ஆட்சிக்குப் பிறகு சீனத்துப் பட்டோடும் பீங்கானோடும் வந்து இறங்கிய உருப்படிகள் அவை. சீனாவில் அரசனுக்கும் அரசிக்கும் அடையாளமாக ஜோடி போட்டு நின்றவை, இரானுக்கு வந்ததும் சண்டைக்கு நிற்க ஆரம்பித்துவிட்டன. சொர்க்கத் தோட்டத்தில் வேட்டை எதற்கு என்று கேட்பாய். ராஜாவுக்கு வேட்டை இல்லாமல் சொர்க்கம் ஏது?

இன்னொரு கதை. 1601இல் போலந்து ராஜா மூன்றாம் சிகிஸ்முண்ட், ஓர் ஆர்மீனிய வியாபாரியைக் காஷானுக்கு அனுப்பி, சரிகை போட்ட பட்டுக் கம்பளங்கள் நெய்யச் சொன்னார். சிலவற்றில் தன் அரச சின்னத்தையும் போடச் சொன்னார். 1878 பாரிஸ் கண்காட்சியில் அதே ரகக் கம்பளங்கள் சின்னத்தோடு வந்தபோது, இவை போலந்து நெசவு என்று நினைத்துப் 'போலோனேஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தப்பு தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. ஏலத்தில் இன்றும் அதே பெயர்தான்.

சரி, உன் கம்பளத்துக்கு வருவோம். அதைப் புரட்டிப் போட்டு, முதுகுப் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. முன்னால் தெரிகிற பூ பின்னாலும் அச்சாகத் தெரிய வேண்டும். குஞ்சம் பாவு நூலின் நீட்சியாக இருக்கிறதா, தனியாகத் தைத்து ஒட்டியதா என்று கிட்டே போய்ப் பார். ஒரு முனையில் நின்றால் வெளுப்பாகவும் மறுமுனையில் நின்றால் கருக்கலாகவும் தெரிகிறதா என்றும் பார். ஆனால் அதை மட்டும் வைத்துப் பட்டு என்று முடிவு கட்டாதே, போலிப் பட்டும் மினுங்கும். உதிர்ந்த நூல் ஒன்று கிடைத்தால் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பார். முடி கருகிய நாற்றம் வந்தால் பட்டு, காகித வாசம் வந்தால் விஸ்கோஸ் என்கிற போலிப் பட்டு.

அதுவரை முன்பணம் கொடுக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை, கடைக்காரர் கேட்ட விலைக்கு அவர் தலையாட்டிவிடுவார். அம்மா கேட்கச் சொன்னாள், அதை வாங்கினால் செருப்போடு மிதிப்பீர்களா என்று.

அன்புடன்,
அப்பா