கறுப்புக் கம்பியை கிரவுண்டில் வைக்கச் சொல்

அன்பு மகனுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. வேலை முடிந்து வந்தபிறகு, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் செய்த சர்க்யூட்டுகளுக்கு எழுத்திலேயே கோளாறு பார்த்துச் சொல்கிறாய் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. "அடிப்படையே தெரியாமல் வந்துவிடுகிறார்கள் அம்மா" என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் பிடிக்கவில்லை. அடிப்படை தெரிந்தவன் உன்னிடம் ஏன் வரப்போகிறான்?

லேபில் மாணவர்களின் சர்க்யூட்டுகளோடு மல்லுக்கட்டியே காலம் போனவள் நான். ஆனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. "தள்ளு, நான் பார்க்கிறேன்" என்று மீட்டரை வாங்கிக்கொள்ளலாம். உனக்கு அது இல்லை. போர்டு அவரிடம் இருக்கிறது, மீட்டரும் அவரிடம் இருக்கிறது. கோளாறை நீ யூகித்துச் சொல்லி அது சரியாகவே அமைந்தாலும், அடுத்த சர்க்யூட்டில் அவர் அதே இடத்தில்தான் நிற்பார். அவரையே அளக்க வைப்பதுதான் உன் வேலை.

"எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன், ஆனால் ஓடவில்லை" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். முதல் பாதியைக் காதில் வாங்காதே. கூடவே ஒரு படம் அனுப்புவார்கள். எங்கிருந்தோ எடுத்த படம், அவர் செய்ய நினைத்தது அது. செய்தது என்ன என்பது போர்டில்தான் இருக்கிறது. அந்தப் படத்தை மூடி வைத்துவிட்டு, போர்டைப் பார்த்து, ஒவ்வொரு கம்பியாகத் தொடர்ந்துபோய்ப் புதிதாக ஒரு படம் வரையச் சொல். அலுத்துக்கொள்வார்கள். பரவாயில்லை, வற்புறுத்து. வரைந்துகொண்டிருக்கும்போதே "ஐயோ, இது இங்கேயா போகிறது" என்று தாங்களே கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

போட்டோ கேட்டால், நேர் மேலிருந்து, பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல். ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளில் பழுப்பு-கறுப்பு-சிவப்பு ஒரு கிலோ ஓம், பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சு பத்து கிலோ ஓம். மஞ்சள் விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் ரெசிஸ்டரின் ஒரு காலையாவது வெளியே எடுத்துவிட்டு மீட்டரில் பார்க்கட்டும். சர்க்யூட்டில் இருக்கும்போது அளந்தால் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து பொய் சொல்லும்.

அளக்கச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிடு: சிவப்புக் கம்பி மீட்டரின் எந்த ஓட்டையில் இருக்கிறது? முன்பு எப்போதோ கரண்ட் பார்த்துவிட்டு, 10 ஆம்பியர் ஓட்டையிலேயே விட்டிருப்பார்கள். அப்படியே வோல்டேஜ் பார்க்கப் போனால் சப்ளையை ஷார்ட் செய்கிற மாதிரிதான். லித்தியம் பேட்டரியாக இருந்தால் கம்பி எரியும், கை சுடும்.

அது சரி என்றால், மீட்டரின் கறுப்புக் கம்பியை சர்க்யூட்டின் கிரவுண்டில், அதாவது மைனஸ் பக்கத்தில், மாட்டி அங்கேயே விடச் சொல். சிவப்பு மட்டும் நகரட்டும். முதலில் ஐசிக்கு (பல கால்கள் உள்ள சிப்) சப்ளை வருகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி முனையிலும், சால்டர் இல்லாமல் செருகிச் செய்யும் பிரெட்போர்டின் ஓட்டையிலும் தொட்டுப் பயனில்லை, ஐசியின் காலிலேயே தொட வேண்டும். நீளமான பிரெட்போர்டு சிலவற்றில் ஓரத்துச் சப்ளை வரிசை நடுவில் துண்டாகி இருக்கும். அச்சடித்த சிவப்புக் கோட்டில் அந்த இடத்தில் ஓர் இடைவெளி தெரியும், யாரும் கவனிப்பதில்லை. சர்க்யூட் ஓடும்போதே அளப்பதும் முக்கியம். சின்னச் சதுர 9 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது ஒன்பதைக் காட்டும், மோட்டாரை இழுக்கச் சொன்னால் படுத்துவிடும். மோட்டாருக்குத் தனி சப்ளை, மைக்ரோகண்ட்ரோலருக்கு (புரோகிராம் ஏற்றும் சிப்) தனி சப்ளை என்று வைத்திருந்தால், இரண்டின் மைனஸையும் சேர்த்தாரா என்றும் கேள்.

நீ எழுதியிருந்த அந்த ரிலே (சுருளில் கரண்ட் போனால் இழுக்கும் ஸ்விட்ச்) விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வோல்ட் ரிலே, சுருளின் ரெசிஸ்டன்ஸ் 70 ஓம், பிசி547 டிரான்சிஸ்டர், அதன் மூன்று கால்களில் சிக்னல் வாங்கும் பேஸுக்கு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். சிக்னல் வந்தும் ரிலே "டிக்" என்று அடிக்கவில்லை. டிரான்சிஸ்டர் போயிருக்கும், மாற்றுங்கள் என்று நீ சொன்னாய். அவர் மாற்றினார், அப்படியும் அடிக்கவில்லை. அவர் கொடுத்த அளவுகளை மறுபடி பார். எமிட்டர் பூஜ்யம், பேஸ் 0.7, கலெக்டர் 4 வோல்ட்டுக்கு மேல். பேஸில் 0.7 இருப்பதால் அங்கே கரண்ட் போகிறது என்று தெரிகிறது. நன்றாக ஆன் ஆன டிரான்சிஸ்டர் என்றால் கலெக்டர் 0.2 வோல்ட் அருகே இறங்கியிருக்க வேண்டும். இங்கே கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. முழுக்கச் செத்த டிரான்சிஸ்டர் என்றால் அந்தக் கொஞ்சமும் இறங்கியிருக்காது.

அவர் பார்த்துச் செய்த படத்தில் 2என்3904 போட்டிருக்கிறது. தட்டையான முகத்தை உன் பக்கம் வைத்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், அதற்கு இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். நடுக்கால் இரண்டிலும் பேஸ்தான். அதனால் பேஸில் வர வேண்டிய 0.7 அழகாக வந்துவிடுகிறது, பார்க்கிறவரும் ஏமாந்துபோகிறார். அந்தப் படத்தின்படியே பிசி547-ஐ மாட்டியதால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிவிட்டன. இப்படித் தலைகீழாக மாட்டினாலும் டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டர்தான், ஆனால் பெருக்கும் சக்தி மிகக் குறைந்துவிடும். ரிலே இழுக்க 70 மில்லிஆம்பியர் வேண்டும், இவருக்கு ஏதோ பத்து கிடைத்திருக்கும். புது டிரான்சிஸ்டரையும் அதே மாதிரி மாட்டியிருப்பார், அதனால்தான் மாற்றியும் பலன் இல்லை. திருப்பி மாட்டச் சொல். சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் பார்த்தபடி இருக்கிறதா என்றும் கேட்டுவிடு. அது இல்லாமல் ஓடினால் ரிலே ஆஃப் ஆகும் ஒவ்வொரு தடவையும் டிரான்சிஸ்டருக்கு அடி விழும்.

ஐசியை மாற்று, டிரான்சிஸ்டரை மாற்று என்பது கடைசியில் சொல்ல வேண்டிய பேச்சு. அளவுகள் கையில் வந்த பிறகும் வேறு வழி தெரியவில்லை என்றால் சொல்.

"கை வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது" என்று ஒருவர் எழுதினால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். எப்படித் தொட்டார் என்று கேள். ஒரு பிளாஸ்டிக் குச்சியால் அழுத்தினாலும் ஓடுகிறது என்றால் எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன், அல்லது டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத சால்டர். சால்டர் மங்கலாக, உருண்டையாக உட்கார்ந்திருக்கும். சில சமயம் காலைச் சுற்றி முடி போன்ற வட்டக் கோடு தெரியும். குச்சிக்கு மசியாமல், விரல் கிட்டே போனாலே ஓடுகிறது என்றால் கதை வேறு. ஏதோ ஒரு சிமாஸ் (CMOS) வகை ஐசியின் இன்புட் எங்கேயும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. விரல் கொண்டுவரும் அற்ப மின்சாரமே அதற்குப் போதும். பத்து கிலோ ஓம் ஒன்றைப் போட்டு, பிளஸுக்கோ கிரவுண்டுக்கோ, சர்க்யூட்டுக்கு எது வேண்டுமோ அங்கே கட்டினால் அடங்கிவிடும்.

நேரம் கணக்கிட்டு ஆன், ஆஃப் செய்யும் 555 டைமர் ஐசி விற்பனைக்கு வந்தது 1972-ல். இன்னும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதில்தான் கை வைக்கிறார்கள், அதனால் அதன் குணத்தைத் தெரிந்து வைத்துக்கொள். நாலாம் காலை (ரீசெட்) உபயோகிக்காவிட்டால் பிளஸில் சேர்க்க வேண்டும், விட்டுவிடக் கூடாது. அப்புறம், பழைய வகை 555 அவுட்புட் மாறும் நொடியில் சப்ளையிலிருந்து சட்டென்று நிறைய கரண்ட் உறிஞ்சும். பக்கத்தில் 4017 (எண்ணும் ஐசி) இருந்தால் அந்த அதிர்ச்சியில் ஒன்றை இரண்டாக எண்ணிவிடும். "எல்இடி வரிசையாக எரியாமல் நடுவில் தாவுகிறது" என்று வரும் புகாருக்கு இதையும் ஒரு காரணமாக நினைத்துப் பார். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை 555-ன் சப்ளைக் கால்களுக்கு ஒட்டினாற்போல, கூடவே பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்றும் வைக்கச் சொல். பத்து சென்டிமீட்டர் கம்பியில் தள்ளி வைத்தால் பாதிப் பலன் போய்விடும்.

ஒரே பதிலில் ஐந்து யோசனை எழுதாதே. அவர் ஐந்தையும் ஒரே நேரத்தில் செய்வார், ஓடினால் எதனால் என்று தெரியாது, ஓடாவிட்டால் புதுக் கோளாறு எது, பழையது எது என்று பிரிக்க முடியாது. ஒரு கேள்வி, ஓர் அளவு, அதற்குப் பிறகு அடுத்தது. பொறுமை உனக்குக் கொஞ்சம் குறைவு, அது உன் அப்பாவிடமிருந்து வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். வீட்டு மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், ஒரு கெபாசிட்டரை மட்டும் வைத்துக் குறைத்து எல்இடி எரிக்கும் சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், எழுத்தில் வழிகாட்டாதே. அதில் கிரவுண்ட் என்று போட்டிருப்பதே மெயின்ஸோடு சேர்ந்தது, கறுப்புக் கம்பியை மாட்டப் போகும் கையே அபாயத்தில் இருக்கும். ஸ்விட்ச் மோட் பவர் சப்ளையைத் திறந்தால் அதன் மெயின்ஸ் பக்கமும் அப்படித்தான். 230 வோல்ட் ஏசியை டயோடு வழியே டிசியாக மாற்றினால் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 325 வோல்ட் ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கலாம். எவ்வளவு கெஞ்சினாலும், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள். நல்ல அடாப்டர் ஒன்றில் அதே எல்இடியை எரிக்கச் சொல்லிப் பார், பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

கடைசியில் கேட்டிருந்தாயே, எல்எம்358 (சிக்னலைப் பெருக்கும் ஐசி) வைத்துச் செய்தவர், 5 வோல்ட் சப்ளையில் அவுட்புட் மூன்றரைக்கு மேல் ஏறவே இல்லை, இரண்டு ஐசி மாற்றிவிட்டார் என்று. அது கோளாறே இல்லை. அந்த ஐசியின் அவுட்புட் பிளஸ் சப்ளைக்கு ஒன்றரை வோல்ட் போலக் கீழேயே நின்றுவிடும், கிரவுண்ட் பக்கம் மட்டும்தான் நன்றாக இறங்கும். முழு ஐந்தும் வேண்டும் என்றால் அவுட்புட் கிட்டத்தட்ட சப்ளை அளவு வரை ஏறும் ரெயில் டு ரெயில் வகை வாங்கச் சொல், இல்லையென்றால் எல்எம்358-க்கு மட்டும் சப்ளையை ஏழு, எட்டு வோல்ட்டாக்கலாம். ஆனால் அவுட்புட் மைக்ரோகண்ட்ரோலருக்குப் போகிறதா என்று கேட்டுக்கொண்டு சொல், அங்கே ஐந்தைத் தாண்டினால் அது போய்விடும். அவர் மூன்றாவது ஐசி வாங்கப் போவதற்குள் இன்று ராத்திரியே எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா