வெடிச்சுச் செத்திருந்தால்...

வன்னித் தேர்தல் மாவட்ட பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், கிளிநொச்சியின் வாக்குகள் போய்ச் சேரும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஒன்பது வருடமாக மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். எங்கள் அணியில் இருந்த ஓர் அண்ணை முகமாலைப் பக்கம் வெயிலில் நாள் முழுக்க முழங்காலில் இருந்து மண் சுரண்டினார். மார்புக் கவசம், முகக் கவசம், உள்ளே கொதிக்கும் உடம்பு. மத்தியானமே நெஞ்சு இறுக்குது என்று சொன்னவர், பின்னேரம் வீட்டுக்குப் போய், இரவு சாப்பாட்டுக்கு முன்னமே செத்துப் போனார்.

அவருடைய மனுசிக்கு, நான் அக்கா என்று கூப்பிடுபவருக்கு, நட்டஈடு இல்லை என்றார்கள். அது விபத்து இல்லையாம், செத்தது சைட்டிலும் இல்லையாம். எட்டுச் செலவு முடிந்த கையோடு அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "வெடிச்சுச் செத்திருந்தால் பிள்ளையளுக்கு ஏதும் கிடைச்சிருக்கும், என்ன?" ஒரு மனுசி தன் புருசனைப் பற்றி இப்படி யோசிக்கும் நிலைக்கு அவரைத் தள்ளியது எது என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

எங்களைப் போன்ற சம்பளக்காரருக்கு இருப்பது 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின்போது, வேலையினால் நேர்ந்த விபத்துக்கு அது பணம் தரச் சொல்கிறது. 2022 இல் அதைத் திருத்தி, ஐந்தரை இலட்சமாக இருந்த உச்சத் தொகையை 20 இலட்சம் ஆக்கினார்கள். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தையும் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நெஞ்சு அடைத்துச் செத்தவரின் வீட்டில், வேலைதான் காரணம் என்று காட்டும் பாரம் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் அதை எப்படிக் காட்டுவது?

அமெரிக்காவில் பொலிசார், தீயணைப்புப் படையினர் போன்றோருக்கு 1976 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. கடமையில் இறந்தவரின் குடும்பத்துக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும். 1990 இல் நிரந்தரமாக உடல் இயலாமல் போனவர்களையும் அதில் சேர்த்தார்கள். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது 2003 இல் வந்த திருத்தத்தை. கடமையில் உடம்பை வருத்திக் கடும் வேலை செய்தவருக்கு அந்த நேரத்திலோ, முடித்து 24 மணி நேரத்துக்குள்ளோ மாரடைப்போ பக்கவாதமோ வந்து இறந்தால், அதைக் கடமையில் நேர்ந்த மரணமாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்பவர்கள்தான் மருத்துவச் சான்றோடு வர வேண்டும். அங்கேயும் விண்ணப்பங்கள் வருடக்கணக்கில் இழுபட்டிருக்கின்றன. அதனால்தான் எத்தனை விண்ணப்பம் முடிவில்லாமல் கிடக்கிறது என்பதைக் கிழமைதோறும் வெளியிட வேண்டும் என்று 2017 இல் இன்னொரு சட்டமே போட்டார்கள்.

எங்கள் அண்ணை வேலை முடித்து ஐந்து மணி நேரத்துக்குள் இறந்தார்.

அக்காவுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அவர்கள் கல்யாணம் செய்தது இடம்பெயர்வுக்குள், தாலி மட்டும்தான், பதிவு இல்லை. மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் 2009 இல் தொலைந்தது. விதானையாரிடம் ஒரு கடிதம், பிரதேச செயலகத்தில் ஒன்று, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, பிறகு கொழும்புக்கு இரவு பஸ். தமிழில் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஓர் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் பதில் வந்தது. அதை வாசிப்பிக்க அவர் மூன்று வீடு ஏறி இறங்கினார். வன்னியில் இது ஒரு அக்காவின் கதை மட்டும் இல்லை, உங்களுக்கே தெரியும்.

இராணுவத்தினருக்கும் பொலிசாருக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. ஊரார் திரும்பிப் போய் வீடு கட்டவும் தோட்டம் செய்யவும் நிலத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்கும் நாங்களும் பொதுமக்களின் பாதுகாப்புக்குத்தானே முழங்காலில் இருக்கிறோம்? எங்களில் எத்தனையோ பேர் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள்.

அதனால் கேட்கிறேன். அந்த 24 மணி நேர விதியை எங்கள் சட்டத்திலும் கொண்டுவரப் பாராளுமன்றத்தில் பேசுங்கள். கல்யாணப் பதிவு இல்லாத இடத்தில் பிள்ளைகளின் பதிவையும் ஊரவர் சாட்சியத்தையும் ஏற்கச் சொல்லுங்கள். அவசரம் இருக்கிறது. மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, நிலம் முழுவதையும் துப்புரவாக்க வேண்டிய காலக்கெடு 2028 யூன். வேலை முடிந்து நிறுவனங்கள் போய்விட்டால், யார் எந்த நாள் எங்கே வேலை செய்தார் என்ற பதிவும் சாட்சிக்கு வரக்கூடிய ஆட்களும் சிதறிப் போவார்கள். விரல் போனவருக்கும் கண் மங்கியவருக்கும் அதற்குப் பிறகு யார் கடிதம் கொடுப்பது? அந்தப் பதிவுகளை இப்போதே மாவட்டச் செயலகங்கள் வாங்கி வைக்க வேண்டும்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நட்டஈட்டுக்கென்று, தமிழ் தெரிந்த அதிகாரிகளோடு ஒரு நடமாடும் சேவை வையுங்கள். நாளைச் சொன்னால் போதும், அக்காவை மோட்டார் சைக்கிளில் நானே ஏற்றி வருவேன். கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பைக்குள் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
மிதிவெடி அகற்றும் பணியாளர் ஒருத்தி,
கிளிநொச்சி