பெருத்த கைகளை வரைந்த ஊர்

ஆசிரியருக்கு,

செர்பியாவின் கோவாச்சித்சா ஊர் ஓவியக் கலையை 2024-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே தூரிகை பிடித்தவர்கள் ஸ்லோவாக்கியக் குடியானவர்கள். மார்ட்டின் யோனாஷ் வரைந்த உழவரைப் பாருங்கள்: தலை சின்னது, கைகால்கள் பூதாகரம். உழைக்கிறவன் கையை அப்படித்தான் வரைய வேண்டும்! 1745-இல் இன்றைய செர்பியாவின் பெட்ரோவெட்ஸ் ஊரில் குடியேறிய ஸ்லோவாக்கியர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தாய்மொழியிலேயே பள்ளியில் படிக்கிறார்கள். இவ்வூர்கள் இருக்கும் வோய்வோதினா மாகாணத்தில் ஸ்லோவாக் மொழி ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆனால் 2011-இல் செர்பியாவில் 52 ஆயிரத்துக்கு மேல் இருந்த ஸ்லோவாக்கியர்கள், 2022 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 42 ஆயிரமாகக் குறைந்துவிட்டார்கள். படிப்பையும் வேலையையும் தேடி இளைஞர்கள் ஸ்லோவாக்கியாவுக்கே போய்விடுகிறார்கள். ஓவியத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அதை வரையும் வீட்டுப் பிள்ளைகள் ஊரிலேயே பிழைக்க வழி வேண்டாமா? தங்கள் ஞாயிறு இணைப்பில் இவர்களைப் பற்றி விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகி, தஞ்சாவூர்