எல்லாவற்றுக்கும் ஒரே 'கிர்ர்'

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்மார்ட்வாட்ச் பற்றி எழுதும்போதெல்லாம் திரை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, பேட்டரி எத்தனை நாள் தாங்குகிறது என்று விரிவாகப் போடுகிறீர்கள். அது மணிக்கட்டில் எப்படி அதிர்கிறது என்று ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. என்னைப் போல் காது மந்தமானவர்களுக்கு அதுதான் முதல் விஷயம்.

34 வருடம் செவிலியராக இருந்தவள் நான். நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தால் துடிப்பின் வேகம் மட்டுமா தெரியும்? நூல் மாதிரி மெலிந்து ஓடுகிறதா, துள்ளுகிறதா, நடுவில் ஒன்றை விட்டுவிட்டு அடிக்கிறதா, எல்லாம் விரலுக்கே தெரிந்துவிடும். என் மகன் வாங்கிக் கொடுத்த வாட்சுக்கோ தெரிந்தது ஒரே சொல்தான்: 'கிர்ர்'. பிரஷர் மாத்திரைக்கும் கிர்ர், கடன் வேண்டுமா என்று கேட்கும் விளம்பரத்துக்கும் கிர்ர். ஒவ்வொரு தடவையும் கையைத் திருப்பிப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் விளம்பரம்தானே என்று விட்டது மாத்திரை அலாரமாகப் போயிற்று.

இத்தனைக்கும் காரணம் உள்ளே இருக்கிற, ஒரு பக்கம் கனம் வைத்த குட்டி மோட்டார். அது சுழன்று வேகம் எடுக்கவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். 'டொக் டொக்' என்று இரண்டு தட்டு தட்டச் சொன்னால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே உறுமலாகிவிடும். ஸ்பிரிங்கில் எடையை முன்னும் பின்னும் ஆட்டுகிற வகை அப்படியில்லை. சட்டென்று தட்டும், சட்டென்று நிற்கும். 2015இல் வந்த ஆப்பிள் வாட்சிலேயே அந்த வகைதான்.

இன்னொன்று, மணிக்கட்டு விரல்நுனி அல்ல. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பேனா முனையை ஒரு விரல் அகலம் தள்ளி முன்கையில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். மருமகள் வைத்தபோது எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. விரல்நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியே தெரிந்துவிடும். அதனால் வாட்சுக்குள் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மோட்டார் வைத்துப் பெரிய பயன் இருக்காது. தாளத்தை மாற்றுவதுதான் வழி. தோலுக்கடியில் உள்ள உணர்விகளுக்கு நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வு நன்றாகப் பிடிபடும். வயதாக ஆக அதுவும் மங்கும். கை வீசி நடக்கும்போது பாதி உறைப்பதே இல்லை. என் வாட்சில் இருப்பதோ 'மெதுவாக', 'பலமாக' என்று இரண்டே அளவு!

இருபது விதமான தாளம் யாருக்கு நினைவிருக்கும்? எனக்கு நாலு போதும். மாத்திரைக்கு ஒன்று, வீட்டு மனிதர்களின் போனுக்கு ஒன்று, நெஞ்சுத் துடிப்பு தாறுமாறானால் ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. எது எப்படித் தட்டவேண்டும் என்பதை நானே வைத்துக்கொள்ள செட்டிங்ஸில் இடம் வேண்டும். விளம்பரம் தட்டவே வேண்டாம்.

அடுத்த முறை ஒரு வாட்சைப் பற்றி எழுதுவதற்கு முன் உங்கள் நிருபர் திரையைத் துணியால் மூடிவிட்டு ஒருநாள் கட்டிப் பார்க்கட்டும். என்னென்ன புரிந்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்