வேண்டாத வீட்டுப் பொருட்களுக்கு ஓர் இடமும் ஒரு நாளும் கேட்டு மனு

அனுப்புநர்
கடலோரக் கிராமப் பொதுமக்கள்,
மண்டபம் ஊராட்சி ஒன்றியம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: வீடுகளில் வேண்டாமல் கிடக்கும் பொருட்களைத் தேவைப்படுவோருக்குக் கொடுக்கவும், எதற்கும் உதவாதவற்றை முறைப்படி அப்புறப்படுத்தவும் கடலோர ஊராட்சிகளுக்குப் பொது இடமும் மாதம் ஒரு நாளும் ஒதுக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பகுதியில் அன்றாடக் குப்பைக்கு ஏற்பாடு இருக்கிறது. தூய்மைக் காவலர்கள் வண்டியோடு வருகிறார்கள். மக்குவது, மக்காதது என்று பிரித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரும்பு, பித்தளை, உடைந்த பிளாஸ்டிக் குடம், பழைய பேப்பர் இவற்றுக்கும் கவலையில்லை; எடைக்கு எடுப்பவர் தெருவுக்கே வருகிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பொருட்கள்தான் எங்கள் பிரச்சினை. மெத்தை, தலையணை, கால் ஆடும் கட்டில், ஓடாத மிக்ஸி, டியூப்லைட், காலாவதியான மாத்திரை, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சைக்கிள், யூனிபார்ம். குப்பை வண்டியில் ஏற்ற மாட்டார்கள், எடைக்காரரும் தொட மாட்டார், வீட்டிலும் இடமில்லை. கடைசியில் ஊருக்கு வெளியே சீமைக்கருவேலங் காட்டுக்குள் போகிறது. இல்லாவிட்டால் கடற்கரைக்குப் போகிறது.

இதில் டிவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2006-இல் தொடங்கி அரசு கலர் டிவி கொடுத்தது. 2011-இலிருந்து மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. வாங்கிய நன்றி எங்களுக்கு இருக்கிறது. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வந்த பொருள், எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் படுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டி டிவியைச் சும்மா கொடுத்தாலும் இன்று யாரும் வாங்குவதில்லை. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்காக மட்டும் பையன்கள் பின்பக்கத்தில் கல்லைப் போட்டு உடைக்கிறார்கள். பிக்சர் டியூபின் கழுத்தை ஒடித்து, சுருளை உருவிக்கொண்டு போய்விடுகிறார்கள். தடித்த கண்ணாடி அங்கேயே சில்லுச் சில்லாகக் கிடந்து மணலில் பாதி புதைந்துவிடும். அதே கரையில்தான் விடியற்காலையில் கரைவலை இழுக்கிறார்கள், வெறுங்காலோடு, பின்பக்கமாக நடந்து. அந்தக் கண்ணாடியில் ஈயமும் கலந்திருக்கிறது.

மாத்திரை, டானிக் பாட்டில், ஊசி விஷயம் இன்னும் மோசம். குழி தோண்டிப் புதைத்துவிடு என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். எங்கள் மண் வெறும் மணல். கொஞ்சம் தோண்டினால் ஊற்று வரும். அந்த ஊற்றுத் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் அள்ளிக் குடத்தை நிரப்பும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். குழிக்கும் ஊற்றுக்கும் நடுவில் இருப்பது மணல் மட்டும்தான்.

காற்று விஷயம் தாங்கள் அறிந்ததே. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடித்தால் கரையில் கிடக்கும் தெர்மாகோலும் மெத்தைப் பஞ்சும் வடகடலான பாக் நீரிணைப் பக்கத்துக்கு, வாடை அடித்தால் தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கு. தென்கடலில் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகள் இருக்கின்றன. பவளப்பாறையும், ஆவுளியா என்னும் கடல்பசு மேயும் கடல் தாழையும் அங்கே உண்டு.

விதி இல்லாமல் இல்லை. டியூப்லைட், பேட்டரி, பெயின்ட் டப்பா, காலாவதி மருந்து, ஊசி போன்றவற்றைத் தனியாகச் சேகரிக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். 2023 மே மாதத்தில் தூய்மை இந்தியா திட்டத்தின் கீழ் நகரங்களில் பழைய துணி, புத்தகம், பொம்மைகளை வாங்கிக்கொள்ள மையங்கள் திறந்தார்கள். இரண்டுமே பெரும்பாலும் நகரங்களை மனதில் வைத்துச் செய்தவை. எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குள்ளும் அதே பாதரசம்தான் இருக்கிறது.

இனி, கொடுக்கும் பக்கம். குப்பையைவிட நாங்கள் அதிகம் யோசித்தது இதைத்தான்.

படுக்கையில் கிடந்த பெரியவர் இறந்துபோனால் பாய், தலையணையை வெளியே போட்டுவிடுகிறோம். அது வழக்கம், இருக்கட்டும். ஆனால் வீல்சேர், வாக்கர், கமோடு நாற்காலி, புண் வராமல் இருக்க வாங்கிய தண்ணீர் மெத்தை, இவை எல்லாம் பரணில் ஏறிவிடுகின்றன. வைத்திருக்க மனம் வராது, எறியவும் மனம் வராது, ஆகாத பொருளைக் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று கொடுக்கவும் தயக்கம். நாலு தெரு தள்ளி, பக்கவாதம் வந்தவரின் வீட்டில் அதே வீல்சேருக்காகக் கடன் வாங்குகிறார்கள். நடுவில் ஒரு பொது இடம் இருந்தால் இந்தத் தயக்கம் போய்விடும். யாருடையது என்ற பேச்சே வராது. கழுவி, கிருமிநாசினி தெளித்து, வேண்டிய வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி வைக்கலாம். இது ஒன்று நடந்தால்கூட இந்த மனு எழுதியதற்குப் பலன் கிடைத்ததாக நினைப்போம்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டுக்குப் போய் வரும் குடும்பங்களில் கம்பளி, பொம்மை, ஒருமுறைகூட உடுத்தாத துணி என்று நிறையச் சேருகிறது. கொடுக்க அவர்களுக்கு மனம் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. வாங்குகிற பக்கமும் ஒரு சங்கடம் உண்டு. மேலத்தெருப் பிள்ளை போட்ட சட்டையைக் கீழத்தெருப் பிள்ளை போட்டுக்கொண்டு அதே பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. ஆகவே ஒரு ஊரில் சேர்ந்த துணி அடுத்த ஊராட்சிக்குப் போகட்டும். சும்மா கொடுக்காமல் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று விலையும் வைக்கட்டும். விலை கொடுத்து வாங்கினால் தலை குனிய வேண்டியதில்லை, இன்னொன்று வேண்டும் என்று கேட்கவும் கூச்சம் இருக்காது.

எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விட்டுவிடவும் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் வந்து குவிந்த பழைய துணிகள் உடுத்த ஆளில்லாமல் சாலையோரம் மழையில் நனைந்து கிடந்தன. கிழிந்ததும் கறை படிந்ததும் தானம் ஆகாது. வாங்கும் இடத்திலேயே பிரித்துப் பார்த்து, ஆகாததைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் அங்கே இருப்பவர்களுக்கு வேண்டும்.

ஆகவே தாங்கள் செய்துதர வேண்டியது இது. மண்டபம் ஒன்றியத்தில் சில ஊராட்சிகளுக்குச் சேர்த்து, பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டிடம் ஒன்றில் ஒரு அறையும் ஒரு கொட்டகையும் ஒதுக்க வேண்டும். வேண்டாததை வைத்துவிட்டுப் போக, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகம் ‘அன்புச் சுவர்’ வைத்ததைப் போலத் திறந்த சுவர் எங்களுக்குச் சரிப்படாது. உப்புக்காற்றும் ஆடுகளும் ஒரு வாரம் விட்டுவைக்காது. புயல் பாதுகாப்பு மையத்தையும் நாங்கள் கேட்கவில்லை, அது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, மீன்பிடித் தடைக்காலமானால் இரண்டு ஞாயிறு, பொருட்களை வாங்கிப் பிரிக்க மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றை நியமித்து, விற்ற காசிலிருந்து அவர்களுக்குக் கூலி தரலாம். ஓடாத மிக்ஸி, ஃபேன், தையல் மெஷினை மாவட்டத்து அரசு ஐ.டி.ஐ. மாணவர்கள் பழுது பார்த்தால் அவர்களுக்கும் பயிற்சி. கட்டில், மெத்தை போன்ற பெரிய சாமான்களை ஏற்றிவர அன்றைக்கு மட்டும் ஒரு டிராக்டர் வேண்டும். முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் டிராக்டர் வராமல் எதுவும் வெளியே வராது.

டிவி போன்றவற்றுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரித்த நிறுவனங்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் வழியாகப் பொறுப்பேற்க வேண்டும். ஒரு டிவிக்காக ஒருவரும் இவ்வளவு தூரம் வர மாட்டார்கள். ஒரு லாரி அளவு சேர்ந்தால் வருவார்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வழியாக அந்த ஏற்பாட்டைத் தாங்கள்தான் செய்து தர முடியும். டியூப்லைட், மருந்து, ஊசிக்கு அறையில் ஒரு பூட்டிய பெட்டி போதும்; அதை எடுத்துப் போகும் பொறுப்பு யாருடையது என்று ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் பெட்டி நிரம்பி அங்கேயே நிற்கும்.

எங்கள் பங்குக்கு, அறைக்கு வெள்ளையடிப்பதும் அலமாரி அடிப்பதும் எங்கள் பொறுப்பு. முதல் ஞாயிற்றுக்கு ஆள் கூட்டுவதும் அப்படியே. பள்ளிவாசல், கோயில், சர்ச் மூன்றிலும் அறிவிப்புச் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். போகிக்கு முன்பே தொடங்கினால், அன்று எரிக்கப்படும் பாய், ரப்பர், பழைய துணியில் பாதியாவது அறைக்கு வந்துவிடும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். அதற்கு முன் வட்டார வளர்ச்சி அலுவலரை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலோரக் கிராமப் பொதுமக்கள்,
மண்டபம் ஊராட்சி ஒன்றியம்.

இணைப்பு: கையொப்பப் பட்டியல்.
நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்), மண்டபம்.